சோப்புக்கட்டி அளவு

வால்பராய்சோவில் எதற்கும் படியேற வேண்டும்:
ரொட்டிக்கு, தபாலுக்கு,
விட்டுப் பிரிந்தவனிடம் சாவியைத் திருப்பித் தர.
அதனால்தான் விற்றேன்
செங்கல் செங்கலாய் இருந்த பழைய பெடல்கள் ஐந்தையும்
அவற்றைச் சுமந்த பெட்டியையும்.
விற்கும்முன் மீன்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
பதினொரு கிலோ.
நிறுத்துத் தந்த எலியானா கேட்டாள்,
"இது என்ன மீன்?"

இப்போது மூன்றே மூன்று.
ஒரு கரகரப்பு, ஒரு நடுக்கம், ஒரு எதிரொலி.
பிஸ்கட் டின் மூடியில் ஒட்டுப்பட்டையால் ஒட்டி
டின்னுக்குள் கவிழ்த்து மூடினால்
மிச்ச இடத்தில் ஓர் ஆப்பிள் வைக்கலாம்.
பழையதில் ஒன்றை விற்ற காசிலேயே மூன்றும் வந்து
பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றவும் மிஞ்சியது.
சத்தம் குறைச்சலா?
கண்ணைக் கட்டிக்கொண்டு கேள் என்று
டிரம்ஸ் வாசிக்கும் நிபால்தோவிடம் பந்தயம் கட்டினேன்.
எது பெரியது எது சின்னது என்று
பத்தில் ஆறு முறை தப்பாகச் சொன்னான்.
சரியாகச் சொன்ன நான்கைப் பற்றி
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுதான்.
ஆனால் கடுகைக் காலால் அமுக்கியிருக்கிறாயா,
இருட்டில்,
நாற்பத்தொன்றாம் எண் பூட்ஸ் போட்டுக்கொண்டு?
ஒரு குமிழ் விரலுக்கு அடங்கும்.
மற்ற இரண்டும் மிளகளவு,
நகம் வளர்த்தவர்களுக்கு மட்டும்.
எழுத்து இருக்கிறது, எறும்பு படிக்க.
பேட்டரிக்கு உள்ளே இடமே வைக்கவில்லை.
செருகும் வயர் பெடலைவிடக் கனம்;
அது இழுக்கும் பக்கமெல்லாம் இது சாய்கிறது,
பெரிய நாயை நடத்திப்போகும் சின்னப் பையன் மாதிரி.
விளக்கை மட்டும் ஏனோ சிறிதாக்கவில்லை.
கண்ணில் குத்துகிறது.

போன மாதம் துறைமுகத்துப் பாரில்
நடுக்கத்தை மிதிக்கப்போய் எதிரொலியையும் மிதித்தேன்.
சோகப் பாட்டின் கடைசிச் சுரம்
ஒன்பது முறை திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டது.
அழுதுகொண்டிருந்த மேசை சிரித்துவிட்டது.

பேருந்துக்கு இங்கே பெயர் மிக்ரோ.
காலையில் அதில் ஏறி வாசிக்கிறேன்:
இடுப்பில் பேட்டரி ஆம்ப், பையில் பவர் பேங்க்,
காலடியில் டின் மூடி.
பதினொரு கிலோவோடு என்னை
எந்த ஓட்டுநர் ஏற்றியிருப்பான்?

செவ்வாய்க்கிழமை, அவெனிதா அலெமானியா வளைவில்,
மூடி வழுக்கியது.
வயர் நீண்ட மட்டும் போய்
மூன்றாவது இருக்கையின் கீழ் நின்றது.
ஓட்டுநர் பிரேக் போட்டார்.
அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சிவப்புச் செருப்பு
தன்னைத் தாங்கிக்கொள்ள ஊன்றியது,
எதிரொலிமேல்,
எதிரொலிமேல் மட்டும்.
ஒரு வருடமாக என் காலுக்கு வாய்க்காத துல்லியம்.

பேருந்து முழுக்க என் ஒற்றைத் தந்தி
நான்கு தந்தியாய் நிறைந்தது.
நிறுத்தம். பிரேக். அணைந்தது.
அடுத்த நிறுத்தம். எரிந்தது.
மூன்றாவது முறை அவள் குனிந்து பார்த்தாள்.
எடுத்துக் கொடுப்பாள் என்று கை நீட்டப்போனேன்.
அவள் நிமிர்ந்து
ஜன்னல் வழியே கடலைப் பார்க்கத் தொடங்கினாள்.
நான்காவது முறை
நிறுத்தமும் இல்லை, பிரேக்கும் இல்லை.
பாட்டு திரும்பும் இடத்தில், சரியாக,
செருப்பு இறங்கியது.

இறங்கும்போது காசு போடவில்லை.
கூட வாசித்தவள் ஏன் போட வேண்டும்?
மூடியை என் பக்கம் தள்ளிவிட்டு
ஒன்றே ஒன்று சொன்னாள்:
"இதை உடைத்துவிடுவேனோ என்று
பயந்துகொண்டே மிதித்தேன்."

நானும்தான், சீமாட்டி.

வீட்டுக்கு நூற்று முப்பத்தெட்டுப் படி.
ஆப்பிளின் இடத்தில் சில்லறை குலுங்கியது.
ஏறி முடித்து டின்னைத் திறந்தால்
பவர் பேங்கை அணைக்க மறந்திருக்கிறேன்:
உள்ளே அந்த முரட்டு விளக்கு
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.